மருத்துவ மாணவரும் வங்கியின் 'லைன் ஒஃப் கிரெடிட்'டும்

கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், அந்தச் செய்தி தொலைபேசியில் உறவினர் எல்லோருக்கும் போய்ச் சேர்வதற்கு முன்னரே இன்னொரு கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். காசுக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்வி எங்கள் தலைமுறைக்குப் புதியது. இலங்கையில் 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பேராதனையிலோ கொழும்பிலோ, 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலோ படித்தவர்கள் கல்விக் கட்டணம் கட்டிப் படித்தவர்கள் அல்லர். எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபோது நாங்கள் கவலைப்பட்டது புள்ளிகளைப் பற்றித்தான். இடம் கிடைத்தால் போதும், மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. கனடாவில் இடம் கிடைப்பதும் கடினம், கிடைத்த பிறகு கட்டணம் கட்டுவதும் கடினம். ஒன்ராறியோ அரசு 1998 இல் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் போன்ற தொழில்சார் படிப்புகளின் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே மருத்துவக் கட்டணம் பல மடங்காகியது. 2019 இல் 10 சதவீதம் குறைத்தார்கள். குறைத்த பின்னரும் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் ஆண்டுக் கட்டணம் 25,000 டொலருக்கு அண்மையில்தான் நிற்கிறது. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் வேறு.

என் மகள் 2019 இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். 2023 இல் பட்டம் பெற்றாள். 2025 இல் குடும்ப மருத்துவப் பயிற்சியை முடித்தாள். அந்த ஆறு ஆண்டுகளில் வங்கிக் கடன் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து தெரிந்துகொண்டவற்றை, இனி அந்த வழியால் போகப்போகிறவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமாக எழுதுகிறேன். நான் வங்கியாளன் அல்ல. கணக்குக் கொப்பி எழுதும் பழக்கமுள்ள ஒரு தகப்பன், அவ்வளவுதான்.

இது என்ன வகைக் கடன்?

'லைன் ஒஃப் கிரெடிட்' என்பதைத் தமிழில் 'கடன்வசதி' என்று சொல்லலாம். சாதாரணக் கடனில் வங்கி ஒரு தொகையை மொத்தமாகக் கையில் தந்துவிடும். அன்றிலிருந்தே முழுத்தொகைக்கும் வட்டி ஓடும். கடன்வசதியில் வங்கி ஓர் எல்லையை மட்டும் சொல்லும். அந்த எல்லைக்குள் தேவையானபோது தேவையான அளவை எடுக்கலாம், கையில் காசு வந்தால் திருப்பிப் போடலாம், பிறகு மறுபடியும் எடுக்கலாம். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. ஊரில் சந்திக் கடையில் கொப்பி வைத்துச் சாமான் வாங்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதுதான் கொப்பியில் ஏறும், கடையில் உள்ளதெல்லாம் ஏறாது. வித்தியாசம் என்னவென்றால், கடைக்காரர் வட்டி கேட்பதில்லை. வங்கி அன்றாட மீதிக்கு நாள்தோறும் வட்டி கணக்கிட்டு மாதந்தோறும் அறவிடும்.

ஸ்கோஷியா வங்கி, ஆர்.பி.சி., ரி.டி., சி.ஐ.பி.சி., மொன்றியல் வங்கி, நஷனல் வங்கி என்று கனடாவின் பெரிய வங்கிகள் எல்லாமே மருத்துவ மாணவர்களுக்கென்று தனியான கடன்வசதிகளை வைத்திருக்கின்றன. எல்லை மூன்று இலட்சம் டொலருக்கு மேலேயும் போகும். கனேடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ள, கனேடிய மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற மாணவருக்கு அடமானம் எதுவும் இல்லாமல், பெரும்பாலும் பிணையாளும் இல்லாமல் இதைத் தருகிறார்கள். வருமானமே இல்லாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இத்தனை பெரிய தொகையா என்று முதலில் நான் திகைத்தது உண்மை. இதில் வங்கியின் தாராளம் ஒன்றுமில்லை. கனேடிய மருத்துவ மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் மருத்துவராகி நல்ல வருமானம் பெறுவார்கள் என்பது வங்கிக்குத் தெரியும். இன்று கடன் வாங்கும் மாணவர் நாளை வீட்டுக் கடன், மருத்துவமனைக் கணக்கு, முதலீடு என்று முப்பது ஆண்டுகளுக்கு அந்த வங்கியின் வாடிக்கையாளராக இருப்பார். நாற்றுக்குத் தண்ணீர் விடுவது அறுவடையை எண்ணித்தான்.

வட்டி எப்படி மாறுகிறது?

இந்தக் கடனின் வட்டி நிலையானதல்ல. வங்கிகளின் 'பிரைம்' எனப்படும் முதன்மை வட்டிவீதத்தோடு அது கட்டப்பட்டிருக்கிறது. மருத்துவ மாணவருக்குப் பொதுவாகப் பிரைமிலிருந்து கால் சதவீதம் குறைத்துத் தருகிறார்கள். பிரைமோ கனடா மத்திய வங்கியின் கொள்கை வட்டியைப் பின்பற்றி ஏறி இறங்குவது. வழக்கமாக அதற்கு 2.20 சதவீதம் மேலே இருக்கும்.

மகள் சேர்ந்த 2019 இலையுதிர் காலத்தில் பிரைம் 3.95 சதவீதம். 2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது மத்திய வங்கி ஒரே மாதத்தில் மூன்று தடவை வட்டியைக் குறைத்தது, பிரைம் 2.45க்கு இறங்கியது. 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலை வரை பத்துத் தடவை ஏற்றினார்கள், பிரைம் 7.20ஐத் தொட்டது. 2024 ஜூனில் மறுபடி இறங்கத் தொடங்கி 2025 ஒக்டோபரில் 4.45க்கு வந்தது. ஒரே படிப்பு, ஒரே கடன், இத்தனை மாற்றம்.

இதை டொலரில் பார்த்தால்தான் புரியும். ஒரு மாணவர் 100,000 டொலர் எடுத்திருக்கிறார் என்று வைப்போம். பிரைம் 2.45 ஆக இருந்தபோது அவருடைய வட்டி 2.20 சதவீதம், அதாவது மாதம் ஏறத்தாழ 183 டொலர். பிரைம் 7.20 ஆனபோது வட்டி 6.95 சதவீதம், மாதம் ஏறத்தாழ 579 டொலர். அவர் ஒரு சதம்கூடப் புதிதாக எடுக்கவில்லை. ஆனாலும் வட்டி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே கடன்வசதியை எடுக்கும்போது இன்றைய வட்டியை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது. இன்னும் மூன்று சதவீதம் ஏறினால் தாங்குமா என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வட்டி எங்கிருந்து கட்டப்படுகிறது?

படிக்கும் காலத்திலும் அதன் பின் வரும் ரெசிடென்சிப் பயிற்சிக் காலத்திலும் முதலைக் கட்டத் தேவையில்லை, வட்டி மட்டும் போதும் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. ஆனால் வருமானமில்லாத மாணவர் வட்டியை எங்கிருந்து கட்டுவார்? அதே கடன்வசதியிலிருந்துதான். மாத முடிவில் வட்டித் தொகை கடன் மீதியோடு சேர்ந்துவிடும். அடுத்த மாதம் வட்டிக்கும் வட்டி. எங்கள் ஊரில் வட்டி குட்டி போடும் என்பார்களே, அது இதுதான்.

மகள் எடுத்த தொகையை இங்கே எழுத அவள் சம்மதிக்கவில்லை. ஆகவே ஒரு கற்பனைக் கணக்குத் தருகிறேன். ஒரு மாணவர் நான்கு ஆண்டுகளும் செப்டெம்பர் மாதத்தில் 30,000 டொலர் எடுக்கிறார். வட்டி 4.20 சதவீதம், அது ஆண்டுக்கொருமுறை முதலோடு சேர்கிறது என்று வைப்போம். எடுத்த தொகை 120,000. பட்டம் பெறும்போது கடன் ஏறத்தாழ 133,100. அவர் சிறப்பு மருத்துவத்துக்குப் போய் ஐந்து ஆண்டு ரெசிடென்சியிலும் வட்டியைக் கட்டாமல் ஏறவிட்டால், முடிவில் அது 163,500. ரெசிடென்சியில் சம்பளம் உண்டு. அது பெரிய சம்பளம் அல்ல, ஆனாலும் அந்த வட்டியான மாதம் 466 டொலரை அதிலிருந்து கட்டிவந்தால் கடன் 133,100 இலேயே நிற்கும். இந்த ஒரு பழக்கத்தில் 30,000 டொலர் வித்தியாசம்.

கடன் வாங்கும் ஒழுங்கு

கடன்வசதி சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் பலர் அரசாங்கத்தின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிப்பதே இல்லை. படிவம் நீளம், பெற்றோரின் வருமானத்தைக் கேட்கிறார்கள், ஏன் அந்தத் தொல்லை என்கிறார்கள். அந்தத் தொல்லைக்குப் பெறுமதி உண்டு.

முதலில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத காசு: பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைகள், அரசின் மானியங்கள். இதற்கு விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல்கலைக்கழகங்கள் தேவையுள்ள மாணவருக்கென்றே ஒதுக்கும் நிதி அது, பல இடங்களில் அதைப் பெற அரசாங்க உதவிக்கு விண்ணப்பித்திருக்கவும் வேண்டும். இரண்டாவது அரசாங்கக் கடன், ஒன்ராறியோவில் 'ஓசாப்' என்பது. அதில் ஒரு பகுதி மத்திய அரசுடையது, மற்றது மாகாணத்துடையது. மத்திய அரசின் பகுதிக்கு 2023 ஏப்ரல் முதல் நிரந்தரமாகவே வட்டி இல்லை. இதைவிட மலிவான கடன் எங்கும் கிடையாது. மூன்றாவதாகத்தான் வங்கி.

அரசாங்கக் கடனுக்கு இன்னும் மூன்று நன்மைகள் உண்டு. ஒன்று, அதன் மாகாணப் பகுதிக்குக் கட்டும் வட்டிக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும். அந்த ஆண்டில் பயன்படுத்தாவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்தலாம். வங்கிக் கடன்வசதிக்குக் கட்டும் வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. இரண்டு, குடும்ப மருத்துவர் ஒருவர் கிராமப்புறத்திலோ ஒதுக்குப்புறச் சமூகம் ஒன்றிலோ பணியாற்றினால் மத்திய அரசு தன் கடனில் ஐந்து ஆண்டுகளில் 60,000 டொலர் வரை தள்ளுபடி செய்கிறது. 2023 வரை இது 40,000 ஆக இருந்தது. மூன்று, கடன் வாங்கியவர் இறந்துபோனால் மத்திய அரசின் கடன் நீங்கிவிடும்.

படிப்பு முடிந்ததும் எல்லாக் கடனையும் ஒன்றாக்கினால் நிர்வாகம் சுலபம் என்று எண்ணி, வங்கிக் கடன்வசதியிலிருந்து காசை எடுத்து அரசாங்கக் கடனை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்த அன்றே வட்டியில்லாப் பகுதி வட்டியுள்ளதாகிவிடும். தள்ளுபடி பெறும் வாய்ப்பும் வரிச்சலுகையும் கூடவே போய்விடும். பிறகு அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. கையெழுத்து வைக்கும் முன் ஒரு பின்னேரமாவது இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

வரி பற்றிப் பேசும்போது இன்னொன்று. பல்கலைக்கழகம் தரும் ரி2202 படிவத்தை ஆண்டுதோறும் வரிக்கணக்கில் பதிந்துவிடுங்கள். மாணவருக்கு வருமானம் இல்லாவிட்டாலும் கல்விக் கட்டணத்துக்கான மத்திய வரிச்சலுகை பின்னாளுக்குச் சேர்ந்திருக்கும். ரெசிடென்சிச் சம்பளம் வரும்போது அது கைகொடுக்கும். விரும்பினால் ஆண்டுக்கு 5,000 டொலர் வரையிலான கட்டணத்தின் சலுகையைப் பெற்றோர் ஒருவருக்கு மாற்றவும் முடியும்.

எந்த வங்கி?

வங்கிகள் தரும் வட்டி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வங்கி குறைத்தால் மற்றவையும் குறைத்துவிடும். ஆகவே வேறுபாடு மற்ற விதிகளில்தான் இருக்கிறது. மகளும் நானும் மூன்று வங்கிகளுக்குப் போனோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒரே தாளில் எழுதிக்கொண்டோம். அந்தக் கேள்விகள் இவை:

1. பிரைமிலிருந்து குறைக்கும் கால் சதவீதம் படிப்பு முடிந்த பின்னும் தொடருமா, அல்லது ரெசிடென்சியோடு நின்றுவிடுமா? எழுத்தில் தருவீர்களா?

2. முழு எல்லையும் முதல்நாளே திறந்திருக்குமா, ஆண்டுக்கு இவ்வளவு என்று திறக்குமா? செலவில் கட்டுப்பாடு குறைந்த பிள்ளைக்கு ஆண்டுப் பங்கீடு ஒரு வேலி. திடீர்த் தேவை வரக்கூடிய பிள்ளைக்கு அது இடைஞ்சல்.

3. வட்டியைக் கடன்வசதியிலிருந்தே எடுக்கலாமா? எல்லையைத் தொட்டுவிட்டால் என்ன நடக்கும்?

4. ரெசிடென்சி முடிந்து முதலைக் கட்டத் தொடங்கும்வரை எத்தனை மாத அவகாசம்? மேற்பயிற்சிக்குப் போனால், பிள்ளைப்பேற்று விடுப்பு எடுத்தால், சுகவீனத்தால் ஓராண்டு நின்றுவிட்டால் அது நீளுமா?

5. ரெசிடென்சி இடம் முதல்முறை கிடைக்காவிட்டால்?

6. முழுத்தொகையையும் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு இருக்கிறதா? பல ஒப்பந்தங்களில் இந்த வாசகம் உண்டு. வங்கிகள் அதைச் சாதாரணமாகப் பயன்படுத்துவதில்லை. என்றாலும் அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்வியைக் கேட்டபோது வங்கியில் இருந்த இளைஞர் மகளைப் பார்த்துச் சிரித்து, "உங்களுக்கு அப்படி வராது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது பதிலல்ல. கனடாவில் ரெசிடென்சி இடங்கள் 'கார்ம்ஸ்' என்ற தேசியப் பொருத்தல் முறையால் ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் கனேடியப் பட்டதாரிகளில் ஒரு சிறு பகுதியினருக்கு இடம் பொருந்தாமல் போகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. சம்பளம் இல்லை, மாணவர் என்ற தகுதியும் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது என்ற அந்த ஓராண்டை வங்கி எப்படிப் பார்க்கும் என்பதை நல்ல நாளிலேயே கேட்டு வைக்க வேண்டும். மகள் விடாமல் இன்னொரு தரம் கேட்டாள். அவர் மேலிடத்தில் விசாரித்து இரண்டு நாளில் மின்னஞ்சலில் பதில் அனுப்பினார்.

கடன் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, நடைமுறைக் கணக்கு இலவசம், சேர்ந்தால் பரிசுப்பணம் என்று பல தூண்டில்கள் இருக்கும். அவற்றை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அவற்றுக்காக வங்கியைத் தெரிவு செய்வது குடைக்காக வீடு வாங்குவது போன்றது. மேலும், இந்தக் கடனுக்கு அடமானம் இல்லாததால் பின்னர் வேறு வங்கிக்கு மாற்றுவதும் பெரிய சிரமமல்ல. ஒருமுறை எடுத்த முடிவு வாழ்நாள் முழுவதும் கட்டிப்போடாது.

கடனோடு சேர்த்து ஒரு காப்புறுதியையும் விற்கப் பார்ப்பார்கள். இறந்தால் கடனை அது அடைக்கும் என்பார்கள். பிணையாள் இல்லாத கடனை, இறந்தவரின் சொத்து இருந்தால் அதிலிருந்துதான் வங்கி எடுக்கும். அது பெற்றோர் தலையில் ஏறாது. குடும்பப் பொறுப்பு இல்லாத இளைஞருக்கு உயிர்க் காப்புறுதியைவிட, வேலை செய்ய முடியாமற்போனால் வருமானம் தரும் இயலாமைக் காப்புறுதிதான் அவசியம். அதை மருத்துவச் சங்கங்கள் மூலமாகவும் வாங்கலாம். ஒப்பிட்டுப் பார்த்தபின் கையெழுத்து வைப்பது நல்லது.

வீட்டின் மேல் எடுக்கலாமா?

இது எங்கள் வீட்டில் பெரிய விவாதமாக இருந்தது. "பிள்ளை கடனோட தொடங்கக் கூடாது, வீட்டின்ர மேல எடுத்துக் கட்டுவம்" என்றார் மனைவி. தாயின் மனம் அப்படித்தான் நினைக்கும். நான் கணக்கைக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். வீட்டின் மேல் எடுக்கும் கடன்வசதிக்கு வழக்கமான வட்டி பிரைமோடு அரைச் சதவீதம் கூட. மருத்துவ மாணவருக்கோ பிரைமிலிருந்து கால் சதவீதம் குறைவு. 100,000 டொலருக்கு ஆண்டுக்கு 750 டொலர் அதிகமாகக் கட்டி, வீட்டையும் ஈடு வைக்க வேண்டும். மனைவி கொப்பியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மகள்தான் முடித்து வைத்தாள். "அப்பா, இது என்ர படிப்பு. கடனும் என்ர பேரிலயே இருக்கட்டும். நீங்கள் வீட்டைத் தொடாதேங்கோ" என்றாள்.

பெற்றோர் உதவ விரும்பினால் வேறு வழிகள் உண்டு. பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க முடிந்தால் வாடகை மிச்சம், அதுவே பெரிய உதவித்தொகை. வெளியூரில் படித்தால், மாதாந்த வட்டியைப் பெற்றோர் கட்டலாம். 100,000 டொலருக்கு 4.20 சதவீதத்தில் மாதம் 350 டொலர். வீட்டை ஈடு வைக்காமல், கடன் குட்டி போடாமல் தடுத்துவிடலாம்.

கரீபியன் தீவுகளிலோ அயர்லாந்திலோ போலந்திலோ மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளின் கதை வேறு. எங்கள் சமூகத்திலும் இப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வங்கிகள் பொதுவாகக் குறைந்த எல்லையே தரும், பிணையாளும் கேட்கும். பிணை நிற்பவர் அனேகமாகத் தகப்பனோ தாயோ மாமாவோ. பிணை நிற்பது சாட்சிக் கையெழுத்து அல்ல, கடனில் சரிபங்காளி ஆவது. வெளிநாட்டில் படித்தவர் கனடாவுக்குத் திரும்பி ரெசிடென்சி இடம் பெறுவது கனேடியப் பட்டதாரிக்கு இருப்பதைவிட மிகக் கடினம். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் குறைவு, போட்டியோ அதிகம். இடம் கிடைக்காவிட்டால் வங்கி பிணையாளிடம் வரும். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் போய் நல்ல மருத்துவர்களாக வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் மாமாவிடம் கையெழுத்துக் கேட்கும் முன் இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆழமறியாமல் அவரைக் காலை விட வைப்பது உறவுக்கும் நல்லதல்ல. கடன் அன்பை முறிக்கும் என்று ஊர்க்கடைகளில் எழுதி வைத்ததைச் சிரித்துவிட்டுப் போக முடியாது.

நாளாந்த நிர்வாகம்

கடன்வசதியை எப்படிக் கையாள்வது என்பதில் மகள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். அது எளிமையானது என்பதால் சொல்கிறேன். மாதத்தின் முதல் நாளில் கடன்வசதியிலிருந்து ஒரு குறித்த தொகையை நடைமுறைக் கணக்குக்கு மாற்றுவாள். அது அவளுடைய 'சம்பளம்'. அந்த மாதம் முழுவதும் அதற்குள்தான் செலவு. கடன்வசதியின் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளவே இல்லை. கல்விக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி இருந்ததால் பாதியைச் செப்டெம்பரிலும் பாதியை ஜனவரியிலும் எடுத்தாள். 15,000 டொலரை நான்கு மாதம் பிந்தி எடுத்தால் 4.20 சதவீதத்தில் 210 டொலர் மிச்சம். ஒரு மாதப் பலசரக்கு.

கடன் அட்டை மீதியை ஒருபோதும் விட்டு வைக்கக்கூடாது. அதன் வட்டி 20 சதவீதத்தை ஒட்டியது. கையில் காசில்லாவிட்டால் கடன்வசதியிலிருந்து எடுத்தாவது அதை முழுவதும் அடைத்துவிட வேண்டும்.

கடைசி ஆண்டுக்கென்று எல்லையில் இடம் விட்டு வைப்பது முக்கியம். வேறு நகர மருத்துவமனைகளில் செய்யும் பயிற்சிகள், ரெசிடென்சி விண்ணப்பங்கள், கனடா மருத்துவ அவையின் தகுதிப் பரீட்சை, உரிமப் பதிவு, இன்னொரு நகரத்துக்குக் குடிபெயர்தல் எல்லாம் அந்த ஆண்டில்தான் வரிசையாக வரும். சம்பளமோ ஜூலையில்தான் தொடங்கும்.

பங்குச்சந்தை ஏறும் காலங்களில் இன்னொரு யோசனை மாணவரிடையே உலாவும். மலிவு வட்டிக்குக் கடன் எடுத்து முதலீடு செய்தால் இலாபம் என்பார்கள். பிரைம் 2.45 ஆக இருந்தபோது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. 7.20 ஆனபோது அதே யோசனை எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடனும் தெரிவும்

கடன் அடைப்பது பற்றியும் ஒரு கணக்கு. மேலே சொன்ன 133,100 டொலரை 4.20 சதவீதத்தில் ஐந்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 2,460 டொலர் வேண்டும், மொத்த வட்டி 15,000க்குச் சற்றுக் குறைவு. பத்து ஆண்டுகளில் என்றால் மாதம் 1,360, வட்டி ஏறத்தாழ 30,000. வீடு வாங்கும் எண்ணமிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுக் கடன் கொடுப்போர் பிணையற்ற கடன்வசதி மீதியின் 3 சதவீதத்தை உங்கள் மாதக் கட்டணமாக எண்ணிக்கொள்வது வழக்கம். நீங்கள் உண்மையில் வட்டி மட்டுமே கட்டினாலும் 133,100க்கு மாதம் 4,000 கட்டுவதாகக் கணக்கு. மருத்துவருக்கென்று தளர்வுகள் வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் எந்தத் துறைக்குப் போவது என்று தீர்மானிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது கடன் மீதியும் அந்தப் பேச்சில் வந்து கலந்துகொள்கிறது. அதிக வருமானமுள்ள துறை என்றால் கடன் சீக்கிரம் தீரும். ஆனால் ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் பயிற்சி. குடும்ப மருத்துவம் என்றால் இரண்டே ஆண்டில் உழைக்கத் தொடங்கலாம், வருமானம் குறைவு. எங்கள் ஆட்களின் கேள்வி இதற்கும் மேலே: "வெறும் ஃபமிலி டொக்டரோ? ஸ்பெஷலிஸ்ட் ஆக ஏலாதோ?" கலியாண வீடுகளில் இந்தக் கேள்வியை நானே பல தடவை கேட்டு நின்றிருக்கிறேன். ஒன்ராறியோவில் குடும்ப மருத்துவர் கிடைக்காமல் அலைகிறவர்களில் எங்கள் முதியவர்களும் இருக்கிறார்கள் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மகள் குடும்ப மருத்துவத்தை எடுத்தாள். கடன் அவளைத் துரத்தவில்லை என்பதால்தான் அதை நிதானமாக எடுக்க முடிந்தது என்று அவளே சொன்னாள். அளவோடு எடுத்த கடன், தன் பேரிலேயே இருந்த கடன், எவ்வளவு, எப்போது தீரும் என்று அவளுக்குத் தெரிந்த கடன். வங்கி மூன்று இலட்சம் எல்லை தந்தது என்பதற்காக மூன்று இலட்சத்தையும் எடுத்திருந்தால் இந்தத் தெரிவு அவள் கையில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

மருத்துவக் கல்லூரிக் கடிதம் வந்த வீடுகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வங்கிக்குப் போகும் முன் ஓர் இரவு பிள்ளையும் பெற்றோரும் ஒரு தாளோடு மேசையில் இருங்கள். நான்கு ஆண்டுச் செலவு, மானியம், அரசாங்கக் கடன், வீட்டிலிருந்து தரக்கூடியது, மிச்சம் வங்கியிலிருந்து வேண்டியது என்று ஐந்து வரி எழுதுங்கள். எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். கடனைக் கட்டப்போவது அவர்தானே.